கமிஷனர் மாறும்போது என்னவெல்லாம் கைமாறுகிறது?

கமிஷனர் என்றதும் நமக்கு போலீஸ் கமிஷனர் நினைவுக்கு வருவார், இல்லாவிட்டால் மாநகராட்சி கமிஷனர். கான்ஃபரன்ஸ் என்றால் ஏதோ ஓட்டல் ஹாலில் நடக்கும் கருத்தரங்கு. ‘பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் புதிய கமிஷனர்’ என்று ஒரு அமெரிக்கச் செய்தியைப் பார்த்தால் இந்த இரண்டு அர்த்தமும் கைகொடுக்காது. அந்த நாற்காலி என்ன, அதில் யார் யாரை உட்கார வைக்கிறார்கள், ஆள் மாறினால் ஏன் இவ்வளவு பரபரப்பு என்பதெல்லாம் புரிய, முதலில் ஒரு மைதானத்துக்குப் போகலாம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஃபுட்பால் என்றால் நாம் ஆடும் கால்பந்து என்று நினைத்துவிடாதீர்கள். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, உருளுகிற அமெரிக்க ஆட்டம். ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். சீசன் நடக்கும் சனிக்கிழமைகளில் அந்த மைதானம் நிரம்பி வழியும், அதைவிடப் பல மடங்கு பேர் வீட்டில் டிவி முன்னால் இருப்பார்கள். டிவி வந்தால் பணம் வரும். அந்தப் பணத்தை யார் பேசி வாங்குவது, யார் யாருக்கு எவ்வளவு என்பதற்காகத்தான் கான்ஃபரன்ஸ்.

கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் சேர்ந்து வைத்துக்கொண்ட சங்கம். யார் யாரோடு என்றைக்கு ஆடுவது, நடுவராக யார் போவது, கோப்பையை எப்படித் தீர்மானிப்பது எல்லாம் அதன் வேலை. ஆனால் 1984-க்குப் பிறகு அதன் முதல் வேலையே வேறு ஆகிவிட்டது. அதுவரை கல்லூரி ஃபுட்பாலின் டிவி உரிமையை என்.சி.ஏ.ஏ. என்ற நாடு தழுவிய அமைப்பு தன் பிடியில் வைத்திருந்தது. எந்த ஆட்டத்தைக் காட்டலாம், எத்தனை முறை காட்டலாம் என்பதை அதுதான் சொல்லும். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அப்புறம் கான்ஃபரன்ஸ்கள் தங்கள் சரக்கைத் தாங்களே விற்க ஆரம்பித்தன. விற்பனைக்குப் போய் உட்காருகிற ஆள்தான் கமிஷனர்.

அவர் அந்தச் சங்கத்துக்கு முதலாளி கிடையாது. முதலாளிகள் உறுப்புப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள், நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர்கள். அவர்கள் குழுவாக உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்கள். கமிஷனர் அந்த ஓட்டுக்குக் கட்டுப்பட்ட சம்பளக்காரர். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கினாலும் அவர் சம்பளக்காரர்தான். கல்லூரி விளையாட்டுச் செய்தியைப் படிக்கும்போது பலரும் தடுக்கி விழும் இடம் இது. ‘கமிஷனர் முடிவெடுத்தார்’ என்று தலைப்புப் போடுவார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு தலைவர்கள் முடிவெடுத்திருப்பார்கள், திட்டு வாங்குவதற்கு மட்டும் இவர் முன்னால் நிற்பார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அந்தத் தலைவர்கள்தான். பதவியில் இருப்பவர் விலகப்போவதாகச் சொன்னதும் தலைவர்கள் சிலர் ஒரு தேடல் குழு அமைப்பார்கள். ஆள் தேடித் தருவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தைக் கூலிக்குப் பிடிப்பார்கள். நேர்காணல்கள் ரகசியமாக நடக்கும், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் வேறெங்கோ பெரிய வேலையில் இருப்பவர்கள். கடைசியில் ஓட்டு, அறிவிப்பு, மேடையில் கைகுலுக்கல். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விளையாட்டை அன்றாடம் நடத்தும் விளையாட்டு இயக்குநர்களிடம் கருத்துக் கேட்பது உண்டு, ஆனால் கையெழுத்து அவர்களுடையது இல்லை.

முன்பெல்லாம் இந்த நாற்காலி அடிக்கடி காலியாகாது. பிக் டென் கான்ஃபரன்ஸ் 1922-ல் கமிஷனர் பதவியை உருவாக்கியது. முதல் ஆள் ஜான் கிரிஃபித், ராணுவ மேஜர். 1944-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். மூன்றாவதாக வந்த பில் ரீடும் 1971-ல் அப்படியே. ஐந்தாவது ஆளான ஜிம் டெலனி 1989-ல் வந்து முப்பது வருஷம் இருந்தார். ஐந்து பேர் சேர்ந்து ஏறத்தாழ 98 ஆண்டுகளை ஓட்டிவிட்டார்கள். ஆறாவது ஆள் மூன்று வருஷத்துச் சொச்சத்தில் கிளம்பிவிட்டார். அவர் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். புதிய கமிஷனர் வந்தால் எல்லோரும் கேட்பது, ‘ஆள் யார், எங்கிருந்து வருகிறார்’ என்றுதான். என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியது, ‘டிவி ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது’ என்று. வந்தவர் வீட்டுக்குள் நுழையும்போது குத்தகை இன்னும் இருபது வருஷம் பாக்கியா, மூன்றே வருஷமா என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

குத்தகை பாக்கி இருந்த வீடு எஸ்.இ.சி. தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸ், தலைமையகம் அலபாமாவின் பர்மிங்ஹாம். 2002-லிருந்து மைக் ஸ்லைவ் அதன் கமிஷனர். 2014 ஆகஸ்டில் ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டு டிவி நிறுவனத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே ஒரு சேனலைத் தொடங்கியது எஸ்.இ.சி.; ஒப்பந்தம் 2034 வரை. அந்த வேலை முடிந்த இரண்டே மாதத்தில், அக்டோபரில், ஸ்லைவ் அடுத்த ஆண்டு விலகுவதாக அறிவித்தார். புற்றுநோய் திரும்பி வந்திருந்தது. 2015 மார்ச்சில் கிரெக் சாங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள், ஜூன் 1 அன்று அவர் பொறுப்பேற்றார். சாங்கி யார்? ஸ்லைவ் சேர்ந்த அதே 2002-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்து, அவருக்கு அடுத்த இடம் வரை உயர்ந்தவர். அதற்கு முன்பே சவுத்லேண்ட் என்ற சிறிய கான்ஃபரன்ஸில் கமிஷனராக இருந்து பழகியவர். யாரிடம் எதை எப்போது பேச வேண்டும், எந்தப் பல்கலைக்கழகத் தலைவருக்கு எதில் மூக்குச் சிவக்கும் என்பதெல்லாம் பதின்மூன்று வருஷம் பக்கத்து அறையில் இருந்து பார்த்தவர். பெரிதாகச் சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக நடந்த கைமாற்றத்தைப் பற்றி எழுதவே விஷயம் கிடைக்காது.

இப்போது பிக் டென். தலைமையகம் சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட். டெலனி 2019 மார்ச்சில் தான் விலகப்போவதாக அறிவித்தார். ஜூனில் கெவின் வாரன் பெயர் வந்தது: மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணியின் நிர்வாகத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் கமிஷனரான முதல் கறுப்பினத்தவர். கைமாற்றத்தை ஒழுங்காகத்தான் திட்டமிட்டார்கள். செப்டம்பரிலேயே வாரன் வந்து சேர்ந்து, சில மாதம் டெலனியோடு கூடவே இருந்து கற்றுக்கொண்டு, 2020 ஜனவரியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மார்ச்சில் கொரோனா வந்தது.

ஆகஸ்ட் 11 அன்று, அந்த ஆண்டின் ஃபுட்பால் சீசனைத் தள்ளிவைப்பதாக பிக் டென் அறிவித்தது. எஸ்.இ.சி. அவசரப்படவில்லை, தேதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஆடப்போவதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. பிக் டென்னுக்குள் கொந்தளிப்பு. ஒஹாயோ ஸ்டேட் அணியின் முன்னணி வீரர் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஆட விடுங்கள் என்று ஆன்லைனில் கையெழுத்துத் திரட்டினார். நெப்ராஸ்கா வீரர்கள் எட்டுப் பேர் வழக்கே போட்டார்கள். உண்மையில் ஓட்டெடுப்பு நடந்ததா, நடந்திருந்தால் யார் எப்படிப் போட்டார்கள் என்ற கேள்வி வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. 11-க்கு 3 என்ற கணக்கு கடைசியில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில்தான் தெரிந்தது. செப்டம்பர் 16 அன்று அதே தலைவர்கள் ஒருமனதாக முடிவை மாற்றினார்கள், அக்டோபர் கடைசியில் ஆட்டம் தொடங்கியது.

முடிவெடுத்தது தலைவர்கள். அடி வாங்கியது வாரன். டெலனியாக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று அப்போது கேட்காதவர்கள் இல்லை. நியாயமில்லாத கேள்வி, ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. முப்பது வருஷத்தில் டெலனிக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பழைய சிநேகமும் பழைய சண்டையும் இருந்தன. ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு, ‘வெளியே ஒன்றும் பேசாதீங்க, காலையில் பார்க்கலாம்’ என்று சொன்னால் கேட்பதற்கு ஆள் இருக்கும். மூன்று மாதம் கூடவே உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்தால் இது வந்து சேராது. அலுவலகச் சாவியோடு கைமாறாத விஷயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அவசர காலத்தில் தேவைப்படுவதும் இதுதான்.

2021-க்கு வருவோம். ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டு எஸ்.இ.சி.க்குப் போவதாகச் செய்தி வெடித்தது. அந்தப் பக்கம் சாங்கி, ஆறு வருஷம் கமிஷனராக ஊறியவர். மறுபக்கம் பார்த்தால் மூன்று கான்ஃபரன்ஸ்களில் புது ஆட்கள். வாரனுக்கு ஒன்றரை வருஷம். அட்லாண்டிக் கரையின் ஏ.சி.சி.யில் ஜிம் பிலிப்ஸ், பிப்ரவரியில் வந்தவர். பசிபிக் கரையின் பேக்-12-ல் ஜார்ஜ் கிளியாவ்காஃப், ஜூலை 1 அன்றுதான் பொறுப்பேற்றிருந்தார். மூவரும் ஆகஸ்டில் ‘கூட்டணி’ என்று ஒன்றை அறிவித்தார்கள். ஒருவர் வீட்டு ஆட்களை ஒருவர் இழுக்க மாட்டோம் என்ற புரிதல் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை, பரஸ்பர நம்பிக்கைதான் என்றார்கள்.

பத்து மாதம் தாங்கியது. 2022 ஜூன் 30 அன்று, கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் பேக்-12-ஐ விட்டு பிக் டென்னில் சேர்வதாக அறிவிப்பு. அழைத்துக்கொண்டது வாரன்.

கிளியாவ்காஃப்புக்கு என்ன கைமாறியிருந்தது என்று இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவருக்கு முன்னால் இருந்தவர் லாரி ஸ்காட், பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து 2009-ல் வந்தவர். 2011-ல் அவர் போட்ட 12 ஆண்டு, சுமார் 300 கோடி டாலர் டிவி ஒப்பந்தம் அன்றைக்கு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கூடவே கான்ஃபரன்ஸுக்கென்று சொந்த சேனல், 2012-ல் தொடக்கம். எஸ்.இ.சி. பின்னால் ஈ.எஸ்.பி.என். கையைப் பிடித்துக்கொண்டது, பிக் டென் 2007-லேயே ஃபாக்ஸ் டிவி நிறுவனத்தோடு சேர்ந்திருந்தது. ஸ்காட் கூட்டாளியே வேண்டாம், முழுச் சொத்தும் நமதாக இருக்கட்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. டைரக்டிவி என்ற பெரிய சேட்டிலைட் டிவி நிறுவனம் அந்த சேனலைக் கடைசி வரை எடுக்கவே இல்லை. கூட்டாளி இல்லாததால் அதற்காகச் சண்டை போட ஆளும் இல்லை. போதாததற்கு வால்நட் கிரீக் என்ற புறநகரில் இருந்த தலைமையகத்தை சான் பிரான்சிஸ்கோவின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். வாடகையைப் பற்றி உறுப்புப் பல்கலைக்கழகங்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

கிளியாவ்காஃப் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் என்ற கேளிக்கை நிறுவனத்திலிருந்து வந்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த டிவி ஒப்பந்தத்துக்கு இருந்த ஆயுள் சரியாக மூன்று வருஷம், 2024 வரை. உறுப்பினர்களைக் கட்டிப்போட்டிருந்த கயிறும் அதுவேதான். உறுப்புப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஒளிபரப்பு உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்குச் சங்கத்துக்கு எழுதிக்கொடுத்துவிடும். அந்தக் காலம் முடிகிற நாளில் யார் வேண்டுமானாலும் நடையைக் கட்டலாம். யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் அந்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டுதான் கிளம்பின. 2023 ஜனவரியில் இன்னொரு பழைய கணக்கு வெளியே வந்தது: காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் பல வருஷமாகக் கூடுதலாகக் கட்டிவந்த ஏறத்தாழ 5 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது முந்தையவர் காலத்தில் தொடங்கிய பிசகு. விளக்கம் சொல்ல நின்றவர் இவர்.

அதே நேரம் பிக் 12-ல் என்ன நடந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பாப் போல்ஸ்பி 2022 ஏப்ரலில் விலகுவதாகச் சொல்லியிருந்தார். புதியவர் பிரெட் யோர்மார்க், ராக் நேஷன் என்ற பொழுதுபோக்கு நிறுவனத்திலிருந்து வந்தவர், கல்லூரி விளையாட்டில் முன்அனுபவமே கிடையாது. அவர் பெயரை அறிவித்த நாள் ஜூன் 29. யு.எஸ்.சி. செய்தி வந்தது மறுநாள். பொறுப்பேற்கக்கூட இல்லை, எதிராளியின் வீடு பற்றிக்கொண்டது.

யோர்மார்க்குக்குப் பந்திக்கு முந்தத் தெரிந்திருந்தது. முறைப்படி பார்த்தால் வரிசையில் முன்னால் நின்றது பேக்-12. அதன் ஒப்பந்தம் 2024-ல் முடிகிறது, பிக் 12-க்கு 2025 வரை நேரம் இருந்தது. யோர்மார்க் காத்திருக்கவில்லை. ஈ.எஸ்.பி.என்.னையும் ஃபாக்ஸையும் முன்கூட்டியே பேச்சுக்கு உட்கார வைத்தார். பொறுப்பேற்ற மூன்றாம் மாதம், அக்டோபர் கடைசியில், ஆறு வருஷத்துக்கு 228 கோடி டாலர் என்று முடித்துவிட்டார். பன்னிரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பிரித்தால் தலைக்கு ஆண்டுக்கு சுமார் 3 கோடியே 17 லட்சம் டாலர். பிரமாதமான விலை ஒன்றும் இல்லை. ஆனால் கடைக்கு வந்த இரண்டு பெரிய வாடிக்கையாளர்களும் பையை நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

பேக்-12 பேசிக்கொண்டே இருந்தது. 2023 ஜூலையில் கொலராடோ பிக் 12-க்குப் போனது. ஆகஸ்ட் முதல் வாரம் கிளியாவ்காஃப் மேசையில் வைத்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் திட்டம். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம் கூடும். மிச்சமிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் 4-ஆம் தேதி காலையில் சரி சொல்லிவிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அன்று இருட்டுவதற்குள் ஐந்து போய்விட்டன. ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஏ.சி.சி.க்கு. 1915-ல் வேர்விட்ட கான்ஃபரன்ஸில் மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்று இரண்டே இரண்டு.

இதை வைத்து, வெளியாளைக் கூட்டிவந்ததால் வந்த வினை என்று சொல்பவர்கள் உண்டு. யோர்மார்க்கும் வெளியாள்தானே? டிவிக்காரர்களோடு பேரம் பேசுவதே முக்கிய வேலையாகிவிட்ட பிறகு, கேளிக்கைத் துறையில் ஊறியவரைத் தலைவர்கள் தேடுவது விசித்திரமும் இல்லை. யோர்மார்க் விழிப்பாக இருந்தார், கிளியாவ்காஃப் தாமதித்தார் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் தலைக்கு மேல் பத்து வருஷத்துப் பழைய கணக்கு தொங்கியது, இன்னொருவருக்கு அந்த பாரம் இல்லை. தவிர, கமிஷனர் கொண்டுவந்த எதையும் ஏற்பதும் தள்ளுவதும் தலைவர்களின் ஓட்டு. அந்தத் தலைவர்களை யாரும் மாற்றவில்லை.

வாரன் பாதியில் கிளம்பிய கதையை விட்டுவிட்டேன். 2022 ஆகஸ்டில் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. என்ற மூன்று டிவி நிறுவனங்களோடும் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார். 2020-ல் திட்டியவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். 2023 ஜனவரியில் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தலைவராகப் போவதாகச் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்தில் சில ஓரங்கள் தைக்கப்படாமலே இருப்பதாக அவர் போன பிறகு செய்திகள் வந்தன. அடுத்து வந்த டோனி பெட்டிட்டி டிவிக்காரர், சி.பி.எஸ்.ஸில் விளையாட்டு ஒளிபரப்பைப் பார்த்தவர், பேஸ்பால் லீகின் சேனலை ஆரம்பத்திலிருந்து நடத்தியவர். மே மாதம் வந்தவுடன் அவர் அதைத்தான் கையில் எடுக்க வேண்டியிருந்தது.

பேக்-12-ல் விட்ட இடத்துக்குத் திரும்புவோம். கான்ஃபரன்ஸின் பெயரும் சொத்தும் யாருக்கு என்ற வழக்கில் மிச்சமிருந்த இருவர் பக்கம் தீர்ப்பு வந்தது. 2024 பிப்ரவரியோடு கிளியாவ்காஃப் வெளியேறினார். மார்ச் 1 அன்று தெரசா கூல்ட் வந்தார், அதுவரை துணை கமிஷனராக அதே அலுவலகத்தில் இருந்தவர். பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றுக்குக் கமிஷனரான முதல் பெண். அவருக்குக் கைமாறியது இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு பழைய பெயரும் ஒரு காலக்கெடுவும்: 2026 ஜூலைக்குள் ஃபுட்பால் ஆடும் உறுப்பினர்கள் எட்டுப் பேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயர்மட்ட கான்ஃபரன்ஸ் என்ற அங்கீகாரம் போய்விடும். 2024 செப்டம்பரில் போய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் நான்கும் சேர ஒப்புக்கொண்டன, பின்னாலேயே யூட்டா ஸ்டேட். அக்டோபரில் கொன்சாகா, கூடைப்பந்தில் பெரிய பெயர், ஆனால் அங்கே ஃபுட்பாலே கிடையாது. எட்டாவது ஆளைத் தேடி இன்னும் பல மாதம் ஓடியது. டெக்சஸ் ஸ்டேட் சேர்வதாக அறிவித்தது 2025 ஜூன் 30 அன்று. யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் கிளம்பிய அதே தேதி, மூன்று வருஷம் கழித்து.